சிற்றாற்றின் குரல்

பாளையங்கோட்டை
14.9.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பாவின் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை என்று தனியாக எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். அந்த மலைக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? யூனிபார்முக்கு மேல் ஸ்வெட்டர் போட விடுகிறார்களா?

நீ கேட்டபடி கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். "வாட்ஸ்அப்ல உங்கிட்டேருந்து கட்டைவிரல் படம்தான் வருது, எனக்குத் தங்கச்சி வேணும், கட்டைவிரல் வேண்டாம்" என்று நீ சொன்னதை அம்மா இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். போனில் பேசலாம்தான். ஆனால் நான் 'ஹலோ'வைச் சொல்லி முடிப்பதற்குள் உன் மிசோ மலையில் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தில் எனக்குத் திக்குவதில்லை.

ஒரு செய்தி. எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு இந்த முறை நாட்டிய நாடகம். மொத்தமே நானூறு பேர் படிக்கிற கல்லூரி என்பதால் ஆடத் தெரியாதவர்களும் ஆடித்தான் ஆக வேண்டும். எழுதியவர் தமிழ்த்துறை தில்லைநாயகம் சார். சீவலப்பேரியில் சிற்றாறு வந்து நம் ஆற்றோடு சேர்கிறதே, அதுதான் கதை. தாமிரபரணிக்கு நாடகத்தில் பழைய பெயர், பொருநை. பெரிய ஆறு என்பதால் பத்துப் பெண்கள், கையில் நாற்பது மீட்டர் நீலத் துணி. சிற்றாறு ஒரே ஒருத்திதான்: மூன்றாம் ஆண்டு கணிதம் படிக்கிற சுப்ரியா. கல்லிடைக்குறிச்சிக்காரி, ஐந்து வயதிலிருந்து பரதம் ஆடுகிறாள். ஆடிக்கொண்டே பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் அவளுக்குக் குரல் கரோலின், மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் மைக்கில்.

ஆள் எடுத்த அன்று எல்லோரும் மேடை ஏறிப் பெயர் சொல்ல வேண்டும் என்றார் சார். என் பெயரில்தான் எனக்கு முதல் தடங்கல் என்பது உனக்குத் தெரியும். 'டா' மட்டும் ஆறேழு முறை வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. வசன நோட்டை என் கையில் கொடுத்து, "மறந்தவங்களுக்கு நீ எடுத்துக் குடு தாயி" என்றார்.

ஆக, ஓரத் திரைக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல். யாராவது வசனத்தை மறந்தால் கிசுகிசுப்பாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. கிசுகிசுத்தால் எனக்குத் திக்காதே! சபையில் பிரசங்கம் நடக்கும்போது பின்பெஞ்சில் நீயும் நானும் பேசாத பேச்சா?

உன் பதிலை எதிர்பார்த்து,
டார்லின்


மிசோரம்
2.10.2024

என் செல்லத் தங்கச்சிக்கு மலைமேலிருந்து ஸ்தோத்திரம்.

நான் நல்ல சுகம். ஸ்வெட்டருக்கு மேல்தான் யூனிபார்ம் போடுகிறேன். பார்க்கப் பெட்டி கட்டிய பார்சல்போல இருக்கிறேன். அப்பா முழங்காலுக்கு நான் சொன்ன பயிற்சியைச் செய்கிறார்களா, அல்லது செய்ததாகச் சொல்கிறார்களா?

உன் கடிதம் பதினோரு நாள் பயணம் செய்து வந்தது. மூன்று முறை படித்தேன். ஏட்டி, இவ்வளவு பேச்சை எங்கே வைத்திருந்தாய்?

இங்கே ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது. மலைச்சரிவு முழுவதும் ஆரஞ்சு மரங்கள், இன்னும் பச்சைக் காய்தான். ஆஸ்பத்திரியில் நாற்பது படுக்கை. இறைச்சியையும் கீரையையும் ஒன்றாக வேகவைத்து உப்பு மட்டும் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அம்மா கொடுத்துவிட்ட மிளகாய்ப்பொடியை நான் பைபிளுக்கு அடுத்தபடியாகப் பாதுகாக்கிறேன்.

ஸ்டூல் கிடைத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். நல்ல இடம். யாரும் உன்னைப் பார்க்க மாட்டார்கள், யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள். நான் பக்கத்தில் இல்லையே, உனக்கு யார் பேசுவார்கள் என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வண்ணார்பேட்டைக் கடையில் சுடிதார் துணிக்கு விலை பேசியது முதல், உன் டீச்சரிடம் 'இவள் படித்துவிட்டாள், சொல்லத்தான் முடியவில்லை' என்று வாதாடியது வரை நான்தானே! இப்போது ஸ்டூல் பார்த்துக்கொள்ளும்.

முத்தங்களுடன்,
அக்கா கெசியா


பாளையங்கோட்டை
20.10.2024

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் சுகம், நீயும் சுகம் என்று நம்புகிறேன். அப்பா பயிற்சி செய்ததாகச் சொல்கிறார்கள்.

ஒத்திகை மும்முரம். பொருநை இன்னும் ஆறாகவில்லை. பத்துப் பேரும் துணியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் ஐந்தாவது ஆள் மிதிக்கிறாள், ஆறாவது ஆள் விழுகிறாள். "ஆத்துல அணை கட்டாதிய புள்ளைகளா!" என்று சார் கத்துகிறார். சுப்ரியா ஆடினால் மட்டும் அரங்கமே அடங்கிவிடுகிறது. ஒரு நாள் அவள் மிதித்த மிதியில் மேடைப் பலகை ஒன்று பெயர்ந்துவிட்டது. "பலகைதானே, நாளைக்கு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகையில் ஆடினாள்.

தவில் வாசிப்பது மாடக்கண்ணு, பி.காம். அவன் அப்பா நையாண்டி மேளக்காரர். தவிலின் சத்தத்தில் மைக்ராஸ்கோப் கண்ணாடி நடுங்குகிறது என்று எங்கள் தாவரவியல் துறையிலிருந்தே புகார் போயிருக்கிறது. கரோலினுக்கோ ஆர்கன் வாசித்ததுபோல ஒரு குரல்.

என் வேலையும் சும்மா இல்லை. நேற்று மட்டும் பொருநைக்குப் பதினேழு முறை எடுத்துக் கொடுத்தேன். நோட்டைப் பார்க்காமலே எல்லோருடைய வசனமும் எனக்கு வருகிறது. கடைசிக் காட்சிதான் எனக்குப் பிடித்தது. பத்துப் பேரும் வழியை மறித்துக்கொண்டு, "யார் நீ? கோடையெல்லாம் எங்கே போனாய்?" என்று கேட்பார்கள். சிற்றாறு நிமிர்ந்து சொல்லும்: "தண்ணீர்தான் நான். தாமதமாய் வந்த தண்ணீர். தள்ளி நில், இடம் கொடு!"

இரண்டு நாளாகக் கரோலினுக்குக் கன்னம் வலிக்கிறதாம். ஒரு பக்கம் கொஞ்சம் உப்பலாகவும் இருக்கிறது. நர்ஸம்மா என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
டார்லின்


மிசோரம்
5.11.2024

கண்மணிக்கு,

உன் உடம்பு எப்படி? என் உடம்பு கல். நர்ஸம்மா சொல்கிறேன்: அது பொன்னுக்குவீங்கியேதான். அந்தப் பெண்ணை உடனே வீட்டுக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் பொருநை பத்துக்கும் கன்னம் வீங்கி வெள்ளம் வந்துவிடும். உனக்கு ஆறு வயதில் வந்துவிட்டது, பயமில்லை.

இங்கே ஆரஞ்சு பழுக்கத் தொடங்கிவிட்டது. மலை முழுவதும் விளக்குப் போட்டதுபோல இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு இப்போதே கோயிலில் பாட்டுப் பழகுகிறார்கள். மெட்டு நம் மெட்டு, வார்த்தைதான் வேறு. நாலு குரலில் பாடினால் கூரை உயர்ந்து இறங்குகிறது. என் அறைக்கு வெளியே ஒரு பூனை இருக்கிறது. சாயங்காலம் நானும் அதுவும் சூரியன் மறைவதைப் பார்க்கிறோம். ரொம்ப அழகான ஊர், டார்லின்.

சரி, கரோலின் இல்லாவிட்டால் சிற்றாற்றுக்கு யார் பேசுவது? மறக்காமல் எழுது.

உன் அக்கா,
கெசியா


பாளையங்கோட்டை
24.11.2024

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். மழை கொட்டுகிறது. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. குறுக்குத்துறைக் கோயில் முங்கிவிட்டது என்று அப்பா குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீ சொன்னது சரி, பொன்னுக்குவீங்கிதான். கரோலினுடைய அம்மா தன் தங்கச் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டுவிட்டிருக்கிறார்கள். வீங்கிய முகத்தோடும் சங்கிலியோடும் எனக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள், கல்யாணப் பெண் போல. முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம். தொண்டையும் கட்டிக்கொண்டது. ஜனவரி வரை சத்தமாகப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீலத் துணி மழையில் நனைந்து சாயம் போய்விட்டது. ஆறு இப்போது வெளிர்நீலம். சார் அதுவே நன்றாக இருக்கிறது என்கிறார். சுப்ரியா நம் வீட்டுக்கு இரண்டு முறை வந்தாள். அம்மாவின் ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்தாள். விழா பிப்ரவரிக்குத் தள்ளிப்போய்விட்டது.

அக்கா, உன் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேகம் இருக்கிறது, ஆரஞ்சு இருக்கிறது, பூனை இருக்கிறது. உன் கடிதத்தில் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை பேசவில்லையே, ஏன்?

டார்லின்


மிசோரம்
5.12.2024

அருமைத் தங்கைக்கு,

சுகம், சுகம். ஞாயிற்றுக்கிழமை அதிசயமாகச் சிக்னல் கிடைத்து அம்மாவோடு பத்து நிமிடம் பேசினேன். "சின்னவ மைக்குல பேசப் போறாளாம்ட்டி. கரோலின் பேச வேண்டியதெல்லாம் இவதான் பேசுதாளாம். பாதில நின்னுட்டான்னா என்ன செய்ய? நீ சொன்னாத்தான் கேப்பா" என்றார்கள்.

நான் கேட்டதற்கு நீ ஏன் எழுதவில்லை? உன்னைத் திட்ட மாட்டேன். நீயாகக் கேட்டிருக்க மாட்டாய், தள்ளிவிட்டிருப்பார்கள், உனக்கு 'முடியாது' என்று சொல்ல வராமல் போயிருக்கும். ஐந்நூறு பேர் இருக்கிற அரங்கம், டார்லின். ஆறாம் வகுப்பில் பைபிள் வசனம் சொல்ல ஏறி, இறங்கி, மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாயே, நான் மறக்கவில்லை.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். யாரிடமும் பேசவும் வேண்டாம். கவலையில்லாமல் பரீட்சைக்குப் படி. நான் பார்த்துக்கொள்கிறேன், எப்போதும்போல.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. குளிர் அதிகம்.

கெசியா


பாளையங்கோட்டை
18.12.2024

அக்காவுக்கு,

இங்கே சுகம்.

தில்லைநாயகம் சாருக்கு நீ எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. சார் என்னைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். 'என் தங்கை மறுக்கத் தெரியாதவள். அவள் சார்பாக நான் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து அவளை விட்டுவிடுங்கள்.' உன் கையெழுத்து அழகாக இருந்தது.

"நீயே சொல்லு தாயி. அக்கா எழுதுனது சரிதானா?" என்று கேட்டார். நான் 'இல்லை' என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் ஆயிருக்கும். சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

யாரும் என்னைத் தள்ளவில்லை, அக்கா. கரோலின் வராத முதல் நாள், சுப்ரியா ஆடிப் பழக யாராவது வசனம் சொல்ல வேண்டியிருந்தது. நோட்டு என்னிடம் இருந்தது. வழக்கம்போலக் கிசுகிசுத்தேன். சுப்ரியா மைக்கை எடுத்து என் முன்னால் வைத்தாள். அந்தக் கிசுகிசுப்பு அரங்கம் முழுக்கக் கேட்டது. அடுத்த நாள் கொஞ்சம் குரலைக் கூட்டினேன். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். இப்போது பத்துக்கு ஒன்பது தடவை வந்துவிடுகிறது. வராத பத்தாவது தடவையில் யாரும் என் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கி முடித்துக் கொடுப்பதில்லை. காத்திருக்கிறார்கள்.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம், நீ இப்படித்தான் செய்வாய் என்று எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

டார்லின்


மிசோரம்
5.1.2025

அன்பு டார்லினுக்கு,

புது வருடம் உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் சமாதானமாக இருக்கட்டும். உன் கடிதம் வருடக் கடைசி நாளில் வந்தது. படித்துவிட்டு டூட்டிக்குப் போனேன். அன்று எத்தனை பேருக்கு ஊசி போட்டேன் என்றே தெரியவில்லை.

மன்னித்துவிடு. உன் பெயரில் நான் எழுதியிருக்கக் கூடாது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதினேன் என்று சொல்ல வந்தேன். அதுவும் பாதிதான் உண்மை. மீதி, நான் இல்லாமல் உனக்கு நடக்கிறது என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

என் கடிதத்தில் யாரும் ஏன் பேசவில்லை என்று கேட்டாயே. பேசினால்தானே எழுத முடியும்? டாக்டர்களோடு இங்கிலீஷில் மருந்து பேசுகிறேன். அதோடு சரி. நோயாளிகள், மற்ற நர்ஸுகள், கடைக்காரர் எல்லோரும் மிசோதான். நான் விரலைக் காட்டுகிறேன், தலையை ஆட்டுகிறேன், சிரிக்கிறேன். வணக்கத்துக்கு இங்கே 'சிபாய்' என்கிறார்கள். முதல் முறை கேட்டபோது என்னை ராணுவத்துக்குக் கூப்பிடுகிறார்களோ என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் நான் கற்ற இரண்டு சொல்லில் அது ஒன்று. மற்றது 'கா லோம் ஏ', அதாவது நன்றி. அதைச் சொல்வதற்கு முன் மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்க்கிறேன். அப்போதும் வாய் திறப்பதற்குள் ஆள் போய்விடுகிறார். மத்தியானம் தனியாகச் சாப்பிடுகிறேன். கோயிலில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கிறேன். இரண்டு பேருக்காகவும் பேசிய கெசியா!

சொல் நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது, எல்லோரும் முகத்தையே பார்க்கிறார்கள், உள்ளே வியர்க்கிறது. உனக்கு இருபது வருடமாக இப்படித்தான் இருந்ததா? கூடவே இருந்தேன், ஒரு நாளும் கேட்கவில்லையே நான்.

எழுது. திட்டியாவது எழுது.

கெசியா


மிசோரம்
28.1.2025

டார்லினுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சுகமாக இருக்கிறாய் என்று அம்மா சொன்னதால் இதை எழுதுகிறேன், பதில் கேட்டு அல்ல.

இந்தக் கடிதத்தில் ஒருத்தி பேசுகிறாள், பார். பெயர் ரின்புயி. என் வார்டு நர்ஸ். போன வாரம் நான் துணிந்து, கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு அம்மாளிடம் "வலிக்கிறதா?" என்று மிசோவில் கேட்டேன். கேட்டதாக நினைத்தேன். நான் கேட்டது "பசிக்கிறதா?" அந்த அம்மாள் "ஆமாம், ரொம்ப" என்றாள். நான் வலிக்கு மாத்திரை கொடுத்தேன். மாத்திரையைப் பார்த்து, "சோறு எங்கே?" என்று அவள் ஒரு சத்தம் போட்டாள். வார்டே சிரித்தது. ரின்புயி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "உனக்குப் பேச்சு வருமா! நீ எங்களோடு பேச விரும்பாதவள் என்றல்லவா நினைத்தோம்" என்றாள், உடைந்த இங்கிலீஷில்.

இப்போது மத்தியானம் அவளோடு சாப்பிடுகிறேன். தினம் ஐந்து சொல் தருகிறாள். மிளகாய்ப்பொடி தீர்ந்துகொண்டே வருகிறது. அவளுக்கு அது பிடித்துவிட்டது.

உன் விழா நாளில் எனக்குக் காலை டூட்டி. சாயங்காலம் முழுவதும் உன்னையே நினைத்துக்கொண்டிருப்பேன். வேறொன்றும் செய்ய மாட்டேன், சத்தியம்.

கெசியா


பாளையங்கோட்டை
16.2.2025

என் பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் உட்பட. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கோபம் எப்போதோ போய்விட்டது. எழுத நேரமில்லை என்பது பாதிப் பொய். உன் ஜனவரிக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. ஆமாம், இப்படித்தான் இருந்தது. ஆனால் நீ பக்கத்தில் இருந்ததால் பாதி நாள் நன்றாகவும் இருந்தது. இதற்கு மேல் எழுதினால் அழுதுவிடுவேன், விழாவைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை, மாலை நாலரை மணி. அரங்கம் நிறைந்து ஜன்னலிலும் ஆள். அம்மாவும் அப்பாவும் மூன்றாவது வரிசை. கன்னம் வற்றிய கரோலின் என் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். "நீயே பேசு, எனக்குத் தொண்டை சரியாப் போனாலும் நீயே பேசு" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

முதல் மூன்று காட்சியும் ஓடிவிட்டன. குற்றாலத்தில் சிற்றாறு பிறந்தது, பாறையில் விழுந்தது, கோடையில் மணலுக்குள் ஒளிந்தது, எல்லாவற்றுக்கும் குரல் வந்தது. அங்கங்கே கொஞ்சம் தட்டியது. சுப்ரியா ஒரு கணம் தாமதித்துக்கொண்டாள், யாருக்கும் தெரியவில்லை. கடைசிக் காட்சி. பத்துப் பேரும் துணியை இழுத்துப் பிடித்து வழியை மறித்தார்கள். "யார் நீ? கோடையெல்லாம் எங்கே போனாய்?" தவில் நின்றது. சுப்ரியா சபைக்கு முதுகு காட்டி நின்றாள். அரங்கமே பதிலுக்குக் காத்திருந்தது.

"த" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்த எழுத்து வரவில்லை. "த... த... த..." மைக்கில், அத்தனை பேருக்கும். கரோலின் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். திரை இடுக்கு வழியாக அம்மா தெரிந்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மைக்கை அணைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று கை போனது. அதற்குள் இன்னும் இரண்டு த.

அப்போது சுப்ரியாவின் வலது கால் விழுந்தது. நான் ஒரு த சொன்னால் ஒரு மிதி. இன்னொரு த, இன்னொரு மிதி. சலங்கைச் சத்தத்தில் என் த எது, அவள் மிதி எது என்று பிரிக்க முடியவில்லை. மாடக்கண்ணு ஒரு நொடி எங்களைப் பார்த்தான், பிறகு தவிலில் விழுந்தான். த, த, தத், தத், தகதிமி. சுப்ரியா சுழன்று திரும்பினாள். நோட்டில் இல்லாத ஆட்டம், அக்கா! மேடை முழுவதையும் எடுத்துக்கொண்டாள். பொருநைப் பெண்கள் நிஜமாகவே பயந்து ஓரடி பின்வாங்கினார்கள். நான் த சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் சொல்லை வெளியே கொண்டுவரத்தான் முயன்றுகொண்டிருந்தேன். நாலைந்து சுற்றுக்குப் பிறகு எனக்கே தெரியவில்லை, நான் திக்குகிறேனா, ஜதி சொல்கிறேனா என்று. சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாக ஓங்கி மிதித்து நின்று, சுப்ரியா திரையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"தண்ணீர்தான் நான்! தாமதமாய் வந்த தண்ணீர். தள்ளி நில், இடம் கொடு!"

வந்துவிட்டது, ஒரு தட்டும் இல்லாமல். கைதட்டல், விசில். அப்பா எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள்; அப்புறம்தான் முழங்கால் ஞாபகம் வந்ததாம். சிறப்பு விருந்தினர் பேசும்போது, "அந்தத் தகர ஜதி அபாரம், இப்படி ஒரு அமைப்பை நான் பார்த்ததில்லை" என்றார். தில்லைநாயகம் சார் முகத்தை ஒரு துளி மாற்றாமல் "நன்றிங்கய்யா" என்றார்.

பிறகு சுப்ரியாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "என்னத்துக்கு அழறே? நீ நிறுத்தலை, நான் மட்டும் எதுக்கு நிறுத்தணும்?" என்றாள். மாடக்கண்ணுதான் சண்டைக்கு வந்தான். "ஏம்மா டார்லினு, எந்தத் தாளத்துல வுட்ட? பிடிக்கதுக்குள்ள கை ஒடிஞ்சுட்டுல்லா!"

அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது சொன்னார்கள்: "எனக்கு அங்கன உயிரே போயிட்டு. பொறவு பாத்தா எல்லாரும் கை தட்டுதாவ. நானும் தட்டுனேன்ட்டி."

உன் தங்கை,
டார்லின்


மிசோரம்
4.3.2025

என் சிற்றாறே,

நீங்கள் எல்லோரும் சுகமா? நான் சுகம், அழுது அழுது மூக்கு மட்டும் அடைத்திருக்கிறது.

உன் கடிதத்தை வார்டில் வைத்துத்தான் பிரித்தேன். நான் அழுவதைப் பார்த்து ரின்புயி பயந்து, "வீட்டில் யாருக்கு என்ன?" என்றாள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பிறகு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கதை முழுவதும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எனக்குத் தெரிந்த நூற்றுச் சொச்சம் மிசோச் சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு ஆற்றையும் ஒரு ஊரையும் எப்படிச் சொல்வது? சொல் தீர்ந்த இடத்தில் எழுந்து ஆடிக் காட்டினேன். ஏட்டி, நான் ஆடினேன்! ஆஸ்பத்திரிச் செருப்போடு! படுக்கையில் இருந்த பெண்களில் பாதிப் பேர் 'த, த' என்று சொன்னார்கள். பெரிய டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"உன் தங்கை என்ன வேலை செய்கிறாள்?" என்று ஒரு பெண் கேட்டாள். 'படிக்கிறாள்' என்பதற்கு எனக்குச் சொல் தெரியும். ஆனால் 'பேசுகிறாள்' என்றுதான் சொன்னேன்.

மே மாதம் இருபது நாள் லீவு கிடைத்திருக்கிறது. வந்ததும் நீயே நேரில் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் ஒரு சொல்லைக்கூட முடித்துக் கொடுக்க மாட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பெருமையோடு,
உன் அக்கா கெசியா


பாளையங்கோட்டை
23.3.2025

அன்பான அக்காவுக்கு,

நீ வருவது தெரிந்து அம்மா இப்போதே மிளகாய் காயப்போட்டுவிட்டார்கள். சுகத்துக்குக் குறைவில்லை. ஆஸ்பத்திரிச் செருப்போடு நீ ஆடியதைப் படித்து அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

எங்கள் நாடகம் இன்னொரு முறை நடந்துவிட்டது, அதுவும் சீவலப்பேரியிலேயே. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகக் கல்லூரியிலிருந்து ஒரு வாரம் அங்கே போயிருந்தோம். கடைசி நாள் ஊருக்கு ஒரு கலைநிகழ்ச்சி வேண்டுமென்று சார் இதையே போட்டார். அறுவடை நேரம். பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது.

பிரச்சினை என்னவென்றால், எல்லோருக்கும் அந்தத் 'த' வேண்டும். "அது இல்லன்னா நாடகமே இல்ல" என்று சார் சொல்லிவிட்டார். "எட்டுத் த. எண்ணி எட்டு. ஒம்பதாவதுல சொல்லுக்கு வந்துரணும்" என்று மாடக்கண்ணு கணக்குக் கொடுத்தான். வேண்டுமென்றே திக்கி எனக்குப் பழக்கமே இல்லை, அக்கா. இருந்தாலும் மூன்று நாள் பழகினோம்.

கடைசிக் காட்சி. "யார் நீ?" என்று பத்துப் பேரும் கேட்டார்கள். சுப்ரியா காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். மாடக்கண்ணு குச்சியை ஓங்கியிருந்தான். நான் வாயைத் திறந்தேன்.

"தண்ணீர்தான் நான்!" என்று வழவழவென்று வந்துவிட்டது.

தூக்கிய காலோடு சுப்ரியா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வந்த சொல்லைத் திரும்ப உள்ளேயா தள்ள முடியும்? "தாமதமாய் வந்த தண்ணீர். தள்ளி நில்" என்று அதுவும் ஓடிவிட்டது. சரி, இனி ஒன்றுமில்லை என்று சுப்ரியா காலை இறக்கினாள், மாடக்கண்ணு குச்சியை மடியில் வைத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான். அந்த நேரம் பார்த்து, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் எனக்கு நின்றது.

"இ... இ... இ..."

சுப்ரியா துள்ளிக் குதித்தாள். மாடக்கண்ணு குச்சியைத் தேடினான். அது உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. வெறுங்கையால் தட்டினான். இகரத்துக்கு என்ன ஜதி என்று யாருக்குத் தெரியும்? "இ... இ..." பொருநை பத்தும் துணியைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றது.

அப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், வயலிலிருந்து நேராக வந்திருப்பார்கள் போல, தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை, எழுந்து நின்று அந்தப் பத்துப் பேரையும் பார்த்துச் சத்தம் போட்டார்கள்:

"இடம் குடுங்கட்டி! அந்தப் பிள்ளை எம்புட்டு நேரமாக் கேக்கு!"

மைதானம் முழுவதும் சிரித்தது. பொருநைப் பெண்களும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே துணியை விட்டு விலகினார்கள். நடுவில் பெரிய வழி திறந்தது. நான் இன்னும் சொல்லைச் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் சுப்ரியா உள்ளே புகுந்துவிட்டாள்.

இருந்தாலும் நான் விடவில்லை. எல்லோரும் சிரித்து ஓயும் வரை காத்திருந்து, மைக்கை நெருங்கி, முழுவதும் சொல்லி முடித்தேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
டார்லின்